பின்சக்கரத்துச் சொட்டு

வாசல் தெளிக்கிற சாணித் தண்ணீர் கெட்டியாக இருக்கக் கூடாது, ஐயா. மோர்ப் பதத்தில் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக எழுந்துகொள்ளும். தண்ணியாகக் கரைத்தால் மண் குடித்துவிடும், தெளித்த மாதிரியே இருக்காது. பாகலூரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வெள்ளையம்மா வாசலில் இலை போடாமலே சோறு கொட்டிச் சாப்பிடலாம் என்பார்கள். நேற்று நீங்கள் பூட்ஸ் காலோடு நின்று பார்த்தது, சாவு விழுந்த பிறகு தெளிக்காமல் விட்ட வாசல். அதை வைத்து என்னை எடை போட்டுவிடாதீர்கள்.

ஸ்டேஷனுக்குள்ளே உட்காரவைத்திருக்கிறீர்களே ஜெபராஜ், அவருக்காகத்தான் வந்தேன். ஓசூரில் அவரைப் போல மெக்கானிக் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஏரியிலிருந்து வண்டியை இழுத்துப் போட்டதும் ஜெபராஜே பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாராம். உள்ளே பிரேக் கட்டை எண்ணெயில் ஊறிக் கிடந்ததாம். "இது ரொம்ப நாளா சொட்டியிருக்கு, அண்ணன் எப்பிடிப் பாக்காம விட்டாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். அதை யாரும் நம்பவில்லை. திம்மராயன் தினமும் பார்ப்பானே, வெள்ளையம்மா வாசலில் பின்சக்கரத்தடியில் ஒரு கறைகூட இருந்ததில்லையே, எண்ணெய் ஒழுகாமல் இருக்க இவன் போட்ட தோல்தான் திடீரென்று கிழிந்திருக்கும் என்று ஊரே சாட்சி சொல்லிவிட்டது. ஊர் சொன்னதில் பொய் இல்லை. கறை இருக்கவில்லை. அது ஏன் இருக்கவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

திம்மராயன் என் வீட்டுக்காரர். யுத்தம் முடிந்து பெங்களூரில் மிலிட்டரிக்காரர்கள் சாமான்களை ஏலம் விட்டபோது அந்த வண்டியை எடுத்தார். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. சிப்பாய்களைச் சுமந்த தொட்டியில் நாங்கள் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஏற்றினோம். எல்லையில் சாராயம் தேடுகிற உங்கள் ஆட்கள் எந்த வண்டியையும் குடைந்துவிட்டுத்தான் விடுவார்கள், அவர் வண்டியை மட்டும் கைகாட்டி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவு யோக்கியமான மனுஷர். அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. நான் சாமல்பட்டிக்காரி, அதனால் என்னிடம் தமிழில் பேசுவார். வண்டியிடம் தெலுங்கில் பேசுவார். கொஞ்சல் எல்லாம் தெலுங்கில்தான். "அது உங்களுக்கு மூத்த தாரமா, எளைய தாரமா?" என்று நானும் கேலி செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பழைய வண்டி, எண்ணெய் ஒழுகத்தான் செய்யும். இன்ஜினுக்கு அடியிலும் சொட்டும், பின்சக்கரத்திலும் சொட்டும். ஒருநாள் ஜெபராஜ் எங்கள் வாசலிலேயே சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"அக்கா, நீங்களும் கேட்டுக்கங்க. அச்சு சுத்தற எடத்துல எண்ணெய் வெளிய வராம ஒரு வளையம் இருக்குது. இன்ஜின்ல கயிறு, சக்கரத்துல தோலு. ரெண்டும் தேஞ்சு போச்சு. இன்ஜின்ல சொட்டினா காசுதான் கேடு, மறுபடியும் ஊத்திக்கலாம். பின்சக்கரத்துல சொட்டினா அப்பிடியில்ல. எண்ணெய் பிரேக் கட்டை மேல எறங்கிடும். ஒரு பக்கம் புடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். எறக்கத்துல அமுக்கினா வண்டி தானா திரும்பிக்கும்" என்றார். பின்சக்கரத்துக்கு வேறு தோல் போட்டு முடித்த பிறகு இவரைப் பார்த்து, "அண்ணா, தெனமும் காத்தால பின்சக்கரத்தடியில பாருங்க. சொட்டு இருந்தா வண்டிய எடுக்காதீங்க, எனக்கு ஆள் அனுப்புங்க" என்றார்.

இவர் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். எழுந்ததும் வாயில் வேப்பங்குச்சியோடு வாசலில் குந்தி, குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை.

எங்களுக்கு ஒரே பையன், முனிரத்தினம். போன வருஷம் ராகி அறுப்பு சமயத்தில் அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. விடிந்ததும் வண்டியை எடுங்கள், ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் வாசலில் குந்திப் பார்த்தார். பின்சக்கரத்துக்கு அடியில் காலணா அகலத்துக்கு ஒரு சொட்டு.

"எண்ணெய் எறங்குது வெள்ளையம்மா. வண்டி எடுக்க முடியாது. மாடு பூட்டறன்."

நான் அவர் காலில் விழுந்தேன். "எறக்கத்துல கவுந்தா மூணு பேரும் சாவணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாட்டுவண்டியில் போனோம். ஏரிக்கரை ஏறும்போது பையனுடைய விசில் சத்தம் நின்றுவிட்டது. நான் அவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் மாட்டை அடித்து அடித்து விரட்டிக்கொண்டே வந்தார், பாவம்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் செய்தது சரிதான் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன்.

பையனைப் புதைத்துப் பால் தெளித்த மறுநாள், அவர் தனியாக அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போனார். ஜெபராஜிடம் புதுத் தோல் போட்டுக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தார். போகும்போது சொட்டு அப்படியேதான் இருந்தது, ஐயா. அந்தச் சொட்டோடுதான் போனார். அதே ஏரிக்கரை, அதே இறக்கம்.

"எப்பிடிப் போனீங்க?" என்று கேட்டேன்.

"மெல்லத்தான் ஓட்டினன். மெல்லப் போனா போவுது" என்றார்.

கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். களி சூடாக இருந்தது, நான்தான் போட்டேன். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போய்விட்டது. கால் என்றால் உதறினால் சரியாகிவிடும்.

புதுத் தோல் போட்டதும் சொட்டு நின்றுவிட்டது. ஜெபராஜ் எதையும் மறைக்கவில்லை. "அச்சுலயே வரி விழுந்துருச்சு அண்ணா, எந்தத் தோலு போட்டாலும் ஒருநாள் தேயும். பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இந்த வருஷம் மழை பிடித்தபோது மறுபடியும் சொட்டியது. முதலில் பார்த்தவள் நான். வீட்டில் முதலில் எழுந்திருக்கிறவள் நான்தானே. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. என் பையனை ஏற்றக் கூடாது என்று சொன்னது அதுதான். கையிலிருந்த வாளியை அதன் மேல் கவிழ்த்தேன். அவர் குச்சியோடு வந்தார், குந்தினார், பார்த்தார், எழுந்து போய்விட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

எண்ணெய் பட்ட இடத்தில் சாணித் தண்ணீர் பிடிக்காது. விலகி விலகிப் போகும், கறை முன்பைவிடக் கண்ணில் படும். முதலில் அடுப்புச் சாம்பலைப் போட வேண்டும். சாம்பல் எண்ணெயைக் குடித்ததும் கொட்டாங்கச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் தூவி, அப்புறம் தெளிக்க வேண்டும். டயரின் உட்பக்கமாக வழிந்திருப்பதைப் பழந்துணியால் துடைக்க வேண்டும். செய்யச் செய்யப் பழகிவிட்டது. இன்ஜினுக்கு அடியில் சொட்டியதை நான் தொடவில்லை. அது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுவும் காணாமல் போனால் அவருக்குச் சந்தேகமும் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் சக்கரங்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். துடைத்த இடம் பளிச்சென்று தெரியக் கூடாதே. அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. "கடைசியில மூத்தாளோட ராசியாயிட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கொஞ்ச நாளில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் பின்சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. டயரில் காற்று குறைந்திருக்கும் என்று பம்ப் வைத்து அடித்தார். லோடு ஒரு பக்கமாக ஏறியிருக்கும் என்று நானும் சொன்னேன். அவர் நம்பினார். வாசல் பொய் சொல்லாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

இதில் என் தப்பு என்ன என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஐயா. பெண்பிள்ளை வாசலைச் சுத்தம் செய்தால் அது குற்றமா. என் பிள்ளைக்குக் குறுக்கே நின்ற சொட்டு இனி எந்தப் பிள்ளைக்கும் குறுக்கே நிற்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். யார் எப்போது வந்து கேட்டாலும் வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு வெயில் நன்றாக ஏறியிருந்தது. லோடு ஏதும் இல்லாததால் வண்டி வாசலிலேயே நின்றது, அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடி வீட்டு நாகம்மா தன் மகள் சரசுவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சரசு என் பையனோடு கோலி விளையாடின குழந்தை. ஜுரத்தில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. "அண்ணா, வண்டிய எடு அண்ணா" என்று கத்திக்கொண்டே வந்தவள், எங்கள் வாசல் ஈரத்தில் சறுக்கினாள். இவர் எச்சில் கையோடு பாய்ந்து குழந்தையைப் பிடித்தார். பிடித்தபடியே வண்டிப் பக்கம் போனார். அந்த அவசரத்திலும் குனிந்து பின்சக்கரத்தடியைப் பார்த்துக்கொண்டார். சுத்தமாக இருந்தது.

"ஏறு நாகம்மா" என்றார்.

அவர் எடுக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வேறு ஏதாவது சாக்குச் சொல்லி மாடு பூட்டப் போவார் என்று வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இந்தப் புள்ளையையாச்சும் கொண்டுபோயி சேத்துடறன், வெள்ளையம்மா" என்றார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் எனக்குள் ஏதோ அசைந்தது. வண்டியைக் கிளப்பும்போது அதனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், கெஞ்சுகிற குரலில். "சீக்கிரம் போங்க" என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள்.

ஏரிக்கரை இறக்கத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்ததாம். பிரேக்கை அமுக்கினாராம். ஜெபராஜ் சொன்ன மாதிரியே வண்டி தானாகத் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நாகம்மாவை மட்டும் இழுத்துக் கரையில் போட்டார்கள். மற்ற இரண்டு பேரை எடுத்தது நீங்கள்தான்.

நாகம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் புருசன் சாமி, அக்கா. என் புள்ளைக்காக உசுர விட்டுட்டாரு" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இனிமேல் அவளும் நானும் ஒன்று என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சரசுவுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. இந்தக் கையால் அவளுக்கும் சோறு ஊட்டியிருக்கிறேன். விடிகாலையில் வழக்கம்போல வாசல் தெளித்தேன், அந்தக் குழந்தை வரும் என்று எனக்குத் தெரியாது, இப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன்.

ஆனால் வாசல் ஈரத்தில் சறுக்கினதை நாகம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். விடிகாலையில் தெளித்த வாசல் அந்த வெயிலுக்குக் காய்ந்து வெளுத்திருக்க வேண்டும், ஐயா. உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அன்றைக்கு விடிந்த பிறகும் வண்டி சொட்டிக்கொண்டே இருந்தது. வெற்றிலை அகலத்துக்குப் பரவிக் கிடந்தது. தெருக்கோடியில் நாகம்மா குழந்தை பேரைச் சொல்லிக் கத்துவது காதில் விழுந்ததும் நான் சாம்பலை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சுரண்ட நேரமில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வாளியை ஊற்றினேன்.

ஜெபராஜை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அன்று இரண்டாம் தடவை தெளித்தது நான்தான். நோயாளிக் குழந்தை வருகிற வாசல், சுத்தமாக இருக்க வேண்டாமா.