காற்றிலும் கடிக்கும் பூச்சி

— ஜன்னலை மூடியாச்சு, வலையும் அடிச்சாச்சு, இன்னும் எங்கிருந்துடா தம்பி வருது? பாரு, காலெல்லாம் தடிப்பு தடிப்பா!

— சாதாரண கொசுவலைன்னா இது குடும்பத்தோட உள்ள நுழைஞ்சிரும்க்கா. பொடிப்பூச்சியாச்சே. அதான் துணி மாதிரி நெருக்கமான வலையா வாங்கிட்டு வந்து அடிச்சேன்.

— அப்புறமும் கடிக்குதே.

— மாப்ள! கழிமுகத்தோரம் வீடு கட்டினா பூச்சி கடிக்கத்தான் செய்யும். எண்ணெயைத் தடவிக்கச் சொல்லு உங்கக்காவ!

— நீங்க பேசாதீங்க. இடுப்பு வலின்னு கதவைச் சாத்திக்கிட்டு, ஃபேன் காத்துல படுத்துக் கெடக்கிறீங்க. அடுப்படியில நிக்கிறவளுக்குத்தான தெரியும்?

— அக்கா, இரு. இன்னிக்கு வெளிய நல்ல காத்துல்ல?

— ஆமா, கொடியில துணி நிக்க மாட்டேங்குது.

— காத்தடிச்சா இந்தப் பூச்சியால பறக்கவே முடியாது. இது வெளியிலிருந்து வரல.

— பின்ன? வீட்டுக்குள்ளயா குட்டி போடுது?

— ஈரச் சேறு கெடைச்சா போதும், அங்கதான் பெருகும். குளியலறை பாத்துட்டேன், தொட்டிக்கு அடியிலயும் பாத்துட்டேன், எல்லாம் காஞ்சு கெடக்கு. ஆமா, இந்த மூலையில ஏன் புது சிமெண்ட்டா இருக்கு?

— உங்க அத்தான் பூசினது. தரையில விரிசல் விட்டுருந்துச்சு.

— அட, அதை விடு மாப்ள. வீட்டுக்கும் வயசாகுதில்ல, முகத்துல சுருக்கம் விழாதா?

— எத்தனை தடவை பூசினீங்க அத்தான்?

— யாரு கண்டா! பூசப் பூச வாயைத் தொறக்குது சனியன்.

— தம்பி, இங்க பாரு... விரிசல்லேருந்து புகை வருது.

— புகை இல்லக்கா. அத்தனையும் பூச்சி. தள்ளி நில்லு, இந்தக் கல்லு கையோட வருது. அந்தத் துடைப்பக்கட்டையக் குடு.

— என்னடா, கட்டை முழுசா உள்ள போகுது?

— இன்னும் அடி தட்டல. சேத்து நாத்தம் அடிக்குது பாரு. தண்ணி தளும்புறது கேக்குதா? கரையை அரிச்சுக்கிட்டு அடியில பூந்திருக்கு. கீழ மண்ணே இல்ல.

— ஏங்க! கேட்டீங்களா? எழுந்து வாங்க!

— பூச்சிக்குப் பயந்து வீட்டை விட்டுட்டு ஓடச் சொல்றியா? ஊரே சிரிக்கும்டி.

— சிரிக்கட்டும் அத்தான். உங்க ரூம்தான் தண்ணியப் பாத்த பக்கம். சுவரோரமா மெதுவா நடந்து வாங்க. நடுவுல கால வைக்காதீங்க.

— வர்றேன், வர்றேன். இந்த இடுப்பை வெச்சுக்கிட்டுப் பறந்தா வர முடியும்? செருப்பு எங்க...

— செருப்பு கெடக்கட்டும்! வாங்கன்னா வாங்க!

— அட, கட்டிலுக்கு அடியில போயிருச்சு. இரு, இழுத்துக்...

— ஐயோ, என்னடா சத்தம் அது? வீடே ஆடுது! ஏங்க! ஏங்க... பேச மாட்டேங்கிறாரே! கையை விடுடா, கதவைத் தொறக்கணும்!

— வேணாம்க்கா, பின்னால வா. கதவுக்கு அடியில தெரியுது பாரு, அது அலை. அந்தப் பக்கம் தரையே இல்லக்கா.