வத்தல்மலையில் மீனவர்கள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு மருத்துவக் கல்லூரி மாணவிகள். ஜன்னலோரம் இருந்தவள் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வத்தல்மலையில மீனவருங்க எத்தனை பேருன்னு கேட்டு, என் புரபோசலை ரிஜெக்ட் பண்ணிட்டாங்கடி."

"அங்க ஏதுடி கடல்?"

"மலைப் பொம்பளைங்களோட ரத்தசோகைக்கு மாத்திரை குடுத்துப் பாக்கத்தான் ஆராய்ச்சி நிதி கேட்டேன். கைடு சார் திருத்தித் தரேன்னு வாங்குனாரு. கடலோர ஊருக்குன்னு முன்ன அவரு எழுதுனதுல ரெண்டு பக்கத்தை அப்படியே ஒட்டிட்டாரு."

"அனுப்புறப்ப படிச்சுப் பாக்கலையா?"

"பாத்தாரே, அவரு பேரு முதல்ல இருக்கான்னு."

"பெரிய மனசுடி அவருக்கு. கேட்டியா?"

"கேட்டேன். ஆராய்ச்சின்னா பொறுமை வேணுமாம். நாளைக்கு ஜூனியருங்களுக்குக் கிளாஸ் எடுக்குறாரு, நிதி கேட்டு எழுதுறது எப்படின்னு."

நானாக இருந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். இவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"வூடு வூடா ஏறி, மாத்திரையோட வரேன்னு சொன்னியே. இப்ப அவங்ககிட்ட என்னடி சொல்லுவ?"

"மலைக்குக் கடல் வந்ததும் வரேங்கன்னு சொல்றேன்."