காலி மூலை

“எதிர் டீமுல ஏழு பேரு ஆடுற எடத்துல ஆறு பேருதாம்ல நின்னாக,” என்றது ஒரு குரல். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் காலைப் பஸ். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு, கபடி பனியனில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேசியவனின் முழங்காலில் பிளாஸ்திரி.

“அவுகள்ல இடது மூலையில பிடிக்கிற அண்ணன் தை மாசம் தவறிட்டாரு. அவரு எடத்துல வேற ஆளப் போடல.”

“அது தந்திரம்லே,” என்றான் மற்றவன். “நாப்பதத் தாண்டுன ஆளுக. மூச்சுல நம்மகிட்ட நிக்க முடியாது. காலியா விட்டா நீ அங்கதான் பாடிப் போவன்னு தெரியும். போன. அமுக்கிட்டாக.”

“அமுக்குனது அவுக. கணுக்காலப் பிடிச்சது யாரு?”

“அவுகள்ல எவனாவது.”

“விசில் ஊதி எல்லாரும் எந்திரிச்சுட்டாக. எங்காலு மட்டும் வரல. அவுக கேப்டன் அந்தக் காலி மூலையப் பாத்து, ‘போதும்ணே, விடுங்க’ன்னாரு. அப்பத்தான் வந்துச்சு.”

மற்றவன் குனிந்து அவன் கணுக்காலைப் பார்த்தான்.

“ஞாயித்துக்கிழமை ரெட்டியபட்டியில திரும்ப அவுகளோடதான். அதுலயும் தோத்தா வெளியதான். நீதான் பாடணும்.”

“பாடுறேன். அந்த மூலைக்கு மட்டும் போக மாட்டேன்.”

“அதத்தானல அவுக எதிர்பாப்பாக.”

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. “தம்பி, உள்ள தள்ளி உக்காருங்கப்பா,” என்றார் கண்டக்டர்.

இருவரும் ஜன்னலோரக் காலி இடத்தைப் பார்த்தார்கள். பிறகு எழுந்து நின்றுகொண்டார்கள்.