கேப்டன் கதவைத் திறக்கும் இடம்

காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவேன். பல் துலக்கி, அடுப்பில் தண்ணீர் வைத்து, அது கொதிப்பதற்குள் முந்தின நாள் பாத்திரங்களைக் கழுவிவிடுவேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. பிறகு டீ. ஜன்னலோரம் நின்றபடி குடிப்பேன். எதிர்வீட்டுக்காரர் அந்நேரம் காரைக் கழுவிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் ரப்பர் குழாயைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் முன்னால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறார் போலிருக்கிறது. சட்டைக்கு இஸ்திரி போட்டு, வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்குப் போவேன். இன்றும் இதையெல்லாம் செய்தேன். ஸ்டூடியோவுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கேட்காமலே நாற்காலி போட்டீர்கள், மேடம். டீ வேண்டுமா என்றும் கேட்டீர்கள். வழக்கு முடிந்துபோன பிறகு இந்த ஆள் ஏன் வந்திருக்கிறான் என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. என் மனைவி இறந்தது விபத்து என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறது. அதைத் திருத்த வந்திருக்கிறேன். திருத்துவதுதான் என் தொழில்.

ரேடியோவுக்குத் தொடர்கதைகள் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் எங்கள் இருவருக்கும் வேலை. ஒலிப்பதிவும் நான்தான், கதையைப் படித்துப் பார்ப்பதும் நான்தான். எழுதுவது என் மனைவி. அவள் எழுதித் தந்ததை நான் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பேன். எந்த இடத்தை என்னால் நம்ப முடியவில்லையோ அங்கே ஒரு வட்டம் போடுவேன். காரணம் எழுத மாட்டேன். வட்டம் விழுந்த இடத்தை அவள் மாற்றி எழுத வேண்டும். வட்டம் இல்லாத பக்கம்தான் ஒலிப்பதிவுக்குப் போகும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். எங்கள் கல்யாணப் பத்திரிகையிலும் நான் வட்டம் போட்டதாக எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். போட்டது உண்மை. அதில் ஒரு வாக்கியம் சரியில்லை.

கேப்டன் தொடர் எங்களுக்கு முன்பே இருந்தது. ஒரு விண்கலத் தலைவன், கிரகம் கிரகமாகப் போய் மாட்டிக்கொண்டவர்களை மீட்பான். நானும் அவளும் பள்ளிக்கூட வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். கேப்டனுக்குக் குரல் கொடுத்தவர் இன்னும் இருக்கிறார். ஊரே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறது. உங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது, நான் பெரியவர் என்று சொல்கிறேன். தொடரை முடித்துவிடலாம் என்று கம்பெனி தீர்மானித்தபோது கடைசிப் பாகத்தை எழுதும் வேலை என் மனைவிக்கு வந்தது. குரலுக்கு வயதாகிவிட்டது, கேப்டனுக்கும் வயதாகட்டும் என்றாள்.

அவள் எழுதிய கதை இது. இளமையில் கேப்டன் ஒரு கதவை மூடியிருக்கிறான். கலத்தில் காற்று கசிகிறது. நடுக்கதவை மூடினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய உதவியாளன். மூடினான். பதக்கம் கொடுத்தார்கள். தலை நரைத்த பிறகு தெரியவருகிறது, காற்று இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும், மேலிடத்துக்கும் அது தெரியும், பதக்கம் அவன் வாயை அடைக்கக் கொடுத்தது. அதோடு அவனுக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை விட்டுப்போகிறது. பழைய கலங்களை உடைக்கும் இடத்தில் காவல்காரனாகப் போய் உட்கார்கிறான். யார் எதற்கு உதவி கேட்டாலும் 'பார்க்கலாம்' என்கிறான்.

இதுவரைக்கும் நான் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. நன்றாக எழுதியிருந்தாள்.

கடைசிப் பகுதியில், உடைக்க வந்த கலம் ஒன்றில் ஒரு மெக்கானிக் பெண் மாட்டிக்கொள்கிறாள். கதவைத் திறந்தால் கேப்டன் பிழைப்பது சந்தேகம். அவன் போய்க் கதவின் பிடியில் கை வைக்கிறான். அங்கே, 'கை தானாகத் திரும்பியது' என்று எழுதியிருந்தாள். அந்த வரியில் வட்டம் போட்டேன். மாற்றி எழுதித் தந்தாள். மறுபடி போட்டேன். மறுபடி தந்தாள், அதே வரி, முன்னும் பின்னும் மட்டும் வேறு. மறுபடி போட்டேன்.

"கெட்டுப்போறதை மட்டும் ஒரே வரில நம்பிடற," என்றாள். "திருந்தறதுக்குத்தான் சாட்சி கேக்கற."

கெட்டுப்போக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும், திருந்துவதற்குத்தான் காரணம் வேண்டும் என்று சொன்னேன். ஆயுசு முழுக்கக் கதவுக்கு வெளியே நின்றவன் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டு மாறிவிட மாட்டான். நானே ஒரு முடிவு சொன்னேன். கேப்டன் பிடியில் கை வைக்கிறான். கை திரும்பவில்லை. உள்ளே சத்தம் அடங்குகிறது. அவன் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடுகிறான்.

"அது முடிவு இல்லப்பா, சோம்பேறித்தனம்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் முதலிலிருந்து மறுபடி படித்தேன். கேப்டன் துடைக்கும் துணியை நாலாக மடித்து வைக்கிறான். நான் அப்படித்தான் மடிப்பேன். அந்தப் 'பார்க்கலாம்' என்னுடையது. நடுவில் ஒரு காட்சி வருகிறது. பழைய சிநேகிதி ஒருத்தி ஆபத்தில் இருந்துகொண்டு அவனை அழைக்கிறாள். அவன் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறான். என் மனைவிக்கு ஆஸ்துமா. போன வருஷம் மூச்சு முட்டி, எதிர்வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எனக்குப் போன் செய்தாள். ஒரு காட்சியைப் பதிவு செய்யும் டேக் நடந்துகொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். டேக் நன்றாக வந்தது. போன் அடித்தது கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னேன், அவளும் சரி என்றாள். அன்று ஸ்டூடியோவில் இருந்த பெரியவர் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எழுதி வைத்திருந்தாள்.

இது யார் என்று கேட்டேன்.

"நீதான். கிழவனான நீ," என்றாள், காய்கறி நறுக்கிக்கொண்டே. "அதுக்குள்ள திருந்திடுவ. அதான் கடைசிப் பகுதி."

ஒருவர் உங்களை மன்னித்துவிட்டார் என்பதை, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்துத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு அவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். வட்டத்தோடேயே அந்தப் பக்கங்களை முதலாளியிடம் கொண்டுபோனாள். முதலாளி பெரியவரை வரவழைத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பகுதியை எங்கள் எல்லோர் முன்னாலும் படித்தார். அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் நம்பறேன். இந்த முட்டிவலியோட நானே நொண்டிக்கிட்டுப் போய்த் திறந்துடுவேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இனிமேல் நான் கதையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒலிப்பதிவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று முதலாளி சொன்னார். அந்த 'மட்டும்' அவர் மனதறிந்து சொன்னது இல்லை. ஆனால் சொன்னார்.

பேசிப் பதிவு செய்யும் அறையை நாங்கள் பூத் என்போம். சின்ன அறை. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே போகாது, காற்றும் அவ்வளவாகப் போகாது. எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு உதிர்ந்துகொண்டிருந்தது, மாற்ற வேண்டியதுதான். ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் கிட்டே வரக்கூடாது என்று பசை டப்பாவில் போட்டிருந்தது. படித்தேன். டப்பாவைக் குப்பையில் போட்டேன். திட்டம் போட்டான் என்று எழுதாதீர்கள். பஞ்சை மாற்றினான் என்று எழுதுங்கள்.

சத்தம் போடும் எந்தப் பொருளும் பூத்துக்குள் போகக்கூடாது என்பது நான் வைத்த விதி. வளையல், சாவி, சில்லறை, போன் எல்லாவற்றையும் வெளியே ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவளுடைய இன்ஹேலரும் அதில்தான் கிடக்கும். முதலாளிகூட இந்த விதியை மீறியதில்லை.

ஒலிப்பதிவு நாள் காலை, மெக்கானிக் பெண்ணாக நடிக்க வேண்டியவள் வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டாள். பெரியவர் மதியம்தான் வருவார். ஸ்டூடியோவில் நாங்கள் இரண்டு பேர். சத்தத்தின் அளவு பார்க்க வேண்டும், அந்தப் பெண்ணின் வசனத்தை நீ கொஞ்சம் படித்துக்காட்டு என்று நான்தான் சொன்னேன். என்ன இந்த நெடி என்று மூக்கைச் சுளித்தாள். காய்ந்துவிட்டது, ஒன்றும் செய்யாது என்றேன். இன்ஹேலரைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச தூரம் படித்தாள். இருமினாள். படித்தாள். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன் என்று உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னேன். அது பொய். அவளுக்கு நடிக்க வராது.

எழுந்து கதவருகே போனேன். பூத் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே கம்பியில் கோத்த பிடி. வெளிப்பிடி திரும்பாமல் உள்பிடி திரும்பாது. அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை பெரியவர் உள்ளே மாட்டிக்கொண்டு, கேப்டனை மீட்கவே ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று ஊரைக் கூட்டினார். அதனால்தான் நீங்களும் விபத்து என்று எழுதினீர்கள்.

அன்று அது சிக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும்.

கதவின் மேல்பாதி கண்ணாடி. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தானாகத் திரும்புகிறதா என்று. நியாயமாகத்தான் நடந்துகொண்டேன், மேடம். அவசரப்படவில்லை. அவள் எழுதியது சரியென்றால் அந்தக் கை திரும்பியிருக்க வேண்டும், அதற்குப் போதுமான நேரம் கொடுத்தேன். உள்பக்கத்திலிருந்து பிடி அசைவது என் உள்ளங்கையில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

அப்புறம் கடப்பாரையால் கதவைப் பெயர்த்தேன். விபத்து என்றால் கதவு பெயர்ந்திருக்க வேண்டும் அல்லவா. கை கிழிந்தது. அவளுடைய அண்ணன் கட்டுப்போட்ட என் கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "மாப்ளே, இதுக்கு மேல நீ என்னதான் செய்ய முடியும்," என்று அழுதார். வேறொன்றும் செய்திருக்க முடியாதுதான் என்றேன். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று பெரியவர் கேட்டார். அந்த மெக்கானிக் பெண்ணின் வசனத்தைச் சொன்னேன்: நீங்க வருவீங்கன்னு தெரியும் கேப்டன். அவர் உட்கார்ந்துவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, அது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

கடைசிப் பகுதியை நானேதான் பதிவு செய்தேன். புதுக் கதவு போட்டிருந்தார்கள். பெரியவர் ஒரே டேக்கில் முடித்தார். ரேடியோவில் வந்தது. கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. கேப்டன் மனம் வெறுத்துப்போனவரை சரி, கிழவன் திடீரென்று திருந்துவதுதான் ஒட்டவில்லை என்று சொன்னார்கள். போன் மேல் போன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

போன வாரம் பெரியவர் ஒரு பேட்டி கொடுத்தார். கேப்டனை நம்ப முடியாதவர்கள் எங்கள் ஒலிப்பதிவுத் தம்பியைப் பாருங்கள் என்றார். கை கிழியக் கிழியக் கதவை உடைத்தான் என்றார். அவள் கடைசியாகச் சொன்னதாக நான் சொன்ன அந்த வசனத்தையும் தன் பழைய கேப்டன் குரலில் சொல்லிக் காட்டினார். இப்போது எல்லோரும் நம்புகிறார்கள். தெருவில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள், முதலில் முடிவு செயற்கையாக இருந்ததாம், என்னைப் பற்றிக் கேட்ட பிறகுதான் புரிந்ததாம். சாட்சி இல்லை என்று நான் வட்டம் போட்ட வரிக்கு என்னையே சாட்சியாக்கிவிட்டார்கள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் வந்தேன். மனம் திருந்தி வந்தான் என்று எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

எங்களுக்குள் நடந்தது ஒரு வாக்குவாதம். அது அவளுக்கும் தெரியும். கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்ததும் அதற்குத்தான், யார் விட்டுக்கொடுக்கிறார் என்று பார்க்க. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் அவள் உண்மையில் என்னதான் சொன்னாள் என்று கேட்கிறீர்கள். மைக் திறந்திருந்தது, வெளியே ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. பதிவை அழித்துவிட்டேன், அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பத்தான் வேண்டும். பிடியை இறுக்கிக்கொண்டிருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தேடித் தேடிச் சொன்னாள்:

"கதவு சிக்கிடுச்சு, ரொம்ப இழுக்காதப்பா. கை வலிக்கும். போய் யாரையாவது கூட்டிட்டு வா."