இண்டைக்கு எந்த அறை முடிஞ்சுது?

இல்லை டொறத்தி, மருந்து குடுக்கிறது, குளிக்க வாக்கிறதெல்லாம் கரைச்சல் இல்லை. லின்ட்னர் அம்மா நல்ல மனுசி. ஆனா திங்கட்கிழமை நீங்கள் அவவைப் பொறுப்பெடுக்க முதல் ஒண்டு சொல்லவேணும். தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டே கேளுங்கோ.

காலமை கண் முழிச்ச உடன கேப்பா, என்ன அன்ரனிற்றா, இண்டைக்கு எந்த அறை முடிஞ்சுது எண்டு. இனி உங்களிட்டக் கேக்கப்போறா. நீங்கள் முழிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது.

எங்கட ஹைமால, இந்த முதியோர் இல்லத்தால, இறங்கிப் போக, பாலத்தடியில மரச் சட்டம் தெரியிற பழைய வீடொண்டு நிக்குதெல்லே? ஓம், அதுதான். அந்தக் காலத்துத் துணி வியாபாரியின்ர வீடு. கீழ கடை, மேல குடும்பம், கூரைக்குள்ள துணி மூட்டை. லின்ட்னர் அம்மாவின்ர அப்பப்பா அதை வாங்கேக்குள்ள ஒரு பக்கம் தெருவுக்குச் சாஞ்சு நிண்டதாம். உளுத்த மரமெல்லாம் கழட்டி மாத்தி அவர்தான் நிமித்தினவர். உலகச் சண்டை முடிய, தேப்பன் கூரையைத் திருப்பிப் போட்டார். பிறகு இவ. பெரிய அறையின்ர முகட்டில பூவும் பழமுமாக் கீறின படம் இருந்திருக்குது, ஆரோ அதுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சுவிட்டினம். பலகை கட்டி, அதில மல்லாக்கப் படுத்து, சின்னக் கத்தியால சுரண்டிச் சுரண்டி அரைவாசியை வெளியில எடுத்தவ. மற்றப் பாதி கிடக்க, யூறோக் காசு வந்த வருஷம் படியால விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு.

மகன் மார்ட்டின் ஹம்பேர்க்கில. மிச்ச வேலையைத் தான் பாக்கிறன் எண்டு சொல்லித்தான் தாயை இஞ்ச கொண்டுவந்து விட்டவர். ஏலாமப் போச்சு அவருக்கு. ஒரு கொம்பனிக்கு வித்துப்போட்டார். வித்த அண்டைக்கு இஞ்ச வந்து, குனிஞ்ச தலை நிமிராமல் என்னட்டச் சொன்னார், அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா எண்டு. நான் ஓம் எண்டிட்டன்.

அடுத்த நாள் அவ கேட்டா. படி வேலை நடக்குது எண்டன், அவ்வளவுதான். அண்டைக்கு வடிவாச் சாப்பிட்டா. மற்ற நாள் என்ன மரம் போடுகினம் எண்டு கேக்க, ஓக் எண்டு வாயில வந்ததைச் சொன்னன். பிழை, தேப்பன் போட்டது பைன், நீ போய்ச் சொல்லிப்போடு எண்டா. நானும் சொன்னனான் எண்டு பொய்க்கு மேல பொய். ஒருநாள் யன்னல், ஒருநாள் சுவர், பிறகு முகட்டுப் படம். கண்ணை மூடிக்கொண்டு கேப்பா. ஒவ்வொரு அறையாப் போய்ப் பாக்கிறா எண்டு முகத்திலயே தெரியும். இப்ப என்ர வாய்க்குள்ள அந்த வீடு முக்கால்வாசி முடிஞ்சுது.

உண்மையிலயோ? துண்டு துண்டா மறிச்சு வாடகை வீடாக்கிப்போட்டினம். முன்பக்கம் மட்டும் அப்பிடியே நிக்குது. படம் அழியேல்லை, ஆனா அதுக்குக் கீழ வெள்ளை மட்டை அடிச்சு மூடியாச்சு.

சொல்லப் பாத்தனான், டொறத்தி. உயிர்த்த ஞாயிறண்டு பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டு இருந்தன். நான் வாய் திறக்க முதல் அவ என்ர கையைப் பிடிச்சா. அப்பாவுக்கு முகம் குடுக்கலாம் இனி, எண்டா. பிறகென்னத்தைச் சொல்ல?

பாவம் எண்டு தொடங்கினது. இப்ப எனக்கு நித்திரை இல்லை. போன கிழமை கேக்கிறா, ஆத்தைப் பாத்த என்ர அறையில இப்ப ஆர் படுக்கினம் எண்டு. ஒருத்தரும் இல்லை, நீங்கள் வருமட்டும் பூட்டித்தான் கிடக்குது எண்டன். நேர பொறுப்பாளரிட்டப் போய், என்னை மேல் மாடிக்கு மாத்திவிடச் சொல்லிக் கேட்டன்.

இல்லையில்லை, வேலை கூடிப்போனதால இல்லை. ஆத்தைப் பாத்த அந்த அறையில எங்கட சின்னவள் ஆதிரை படுக்கிறாள். போன மார்கழி நாங்கள்தான் அந்த வீட்டில ஒரு துண்டை வாடகைக்கு எடுத்தனாங்கள். இவருக்கு வேலைக்குக் கிட்ட, பிள்ளையளுக்கும் ஆளுக்கொரு அறை. நல்ல வீடு, டொறத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளோட வாங்கோவன்.