வைரிமுவோட வாட்டில் மரங்க

இல்லமா, இன்னொரு வாட்டி சொல்லு. என் பேரை உனக்கு யாரு குடுத்தது? தௌசீப் அகமதா? ஆம்பூர் தோல் ஷாப்பு முதலாளி பேரன்தானே? அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ரிட்டயர் ஆயிட்டேன். என்னைப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்? ஓ, அவங்க தாத்தா போட்டோவுல பின்னாடி நின்னுக்கினு இருக்கேனா. அதைப் பாத்துட்டு சத்துவாச்சாரி வரைக்கும் பஸ் புடிச்சு வந்துட்டியா. சரி, உக்காரு. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும்.

ஆராய்ச்சின்ற. ஆப்பிரிக்காவுல வெள்ளக்காரன் காலத்து விவசாயம்ன்ற. அதுக்கு நீ அங்கதானே போவணும்? வேலூர்ல இன்னா கெடைக்கும்? ம், பட்டை. பட்டை இங்கதான் வந்துச்சு, வாஸ்தவம்தான். தோல் பதம் பண்ண நம்ம பக்கம் ஆவாரம்பட்டை போடுவாங்க. அது பத்தாம கென்யாலேர்ந்து வாட்டில்னு ஒரு மரத்துப் பட்டை கட்டு கட்டா கப்பல்ல மெட்ராசுக்கு வரும். மட்டமான சரக்கு கலக்கறாங்கன்னு முதலாளிக்குச் சந்தேகம். நின்னு பாத்து வாங்க ஒரு ஆள் வேணும்னு என்னை அனுப்புனாரு. அம்பத்தொண்ணுல போனேன், பத்தொம்பது வயசு. பத்து வருசம் இருந்தேன்.

அதென்ன, போன்ல பதிவு பண்றியா? பண்ணு. யாருக்குப் போட்டுக் காட்டுவ? வாத்தியாருக்கு மட்டும்தானா? வக்கீல் யாரும் இல்லியே? இல்ல, சும்மா கேட்டேன். பத்து பன்னெண்டு வருசம் முன்னாடி பேப்பர்ல பாத்தேன், வெள்ளக்காரன் முகாமுல அடிச்சதுக்கு கென்யா கெழவங்கல்லாம் சேந்து லண்டன் கோர்ட்டுல கேஸ் போட்டாங்கன்னு. அதான்.

சொல்றேன், எழுதிக்கோ. நல்ல மண்ணு பூரா வெள்ளக்காரன் கையில. ஒருத்தனுக்கு ஆயிரம் ஏக்கர், ரெண்டாயிரம் ஏக்கர். அந்த ஊர் ஜனத்துக்கு மேடும் பள்ளமுமா கொஞ்சம் ஒதுக்கி விட்டிருந்தான். குடிசைக்கு வரி. வரி கட்டணும்னா வெள்ளக்காரன் தோட்டத்துல போய் வேலை செய்யணும். கழுத்துல தகர டப்பா தொங்கும், உள்ள பாஸு, அது இல்லாம வெளிய நடமாட முடியாது. நான் போன காலத்துல காபி போட்டா நல்ல காசு, ஆனா அவங்க ஒரு காபிச் செடி நடணும்னாலும் லைசென்சு வேணும். வாட்டில் மரம் மட்டும் நட்டுக்கோன்னு விட்டான். அதுலயும் பாரு, வெள்ளக்காரன் தோட்டத்துப் பட்டை ஒண்ணாம் நம்பர், இவங்க கொண்டாந்தா ரெண்டாம் நம்பர், வெலை கம்மி. ஒரே மரம்தான். நம்பர் போடற ஆளு நான்தான். ஆமா, தெரிஞ்சேதான் போட்டேன். போடலன்னா வெள்ளக்காரன் அடுத்த கப்பல்ல என்னைத் திருப்பி அனுப்பியிருப்பான்.

ஏன் அப்படிப் பாக்கற?

அவங்களுக்குள்ளயும் மேல கீழ உண்டு. வெள்ளக்காரன் தலைவன்னு ஒருத்தன வச்சிருப்பான். வரி வசூல் பண்ணிக் குடுக்கறதுக்கு. அவனும் அவன் சொந்தக்காரங்களும் வருசா வருசம் பெருத்துக்கினே போவாங்க. மத்தவங்க நெலம் கம்மியாயிக்கினே போவும். நம்ம ஊர்ல பாக்காததா? எங்க அப்பா திமிரிகிட்ட முள்ளு வெட்டி ரெண்டு ஏக்கரு திருத்துனாரு. சர்வே வந்தப்ப கர்ணம் கையை நீட்டி, இது பெரிய வூட்டுதுன்னுட்டான். முடிஞ்சுபோச்சு. ஏரு புடிச்ச கையோட ஆம்பூர் வந்து தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழியில எறங்குனாரு. அந்தக் கர்ணத்தைத் திட்டாம அவரு சோத்துல கை வச்சு நான் பாத்ததில்ல.

இதெல்லாம் உனக்கு வேணாமா? சரி சரி, கென்யாவுக்கே வர்றேன்.

வைரிமுன்னு ஒரு பொம்பள. பட்டைய முதுவுல கட்டி, வாரை நெத்தியில போட்டு, ஆறு மைல் நடந்து நான் பட்டை வாங்கற மண்டிக்கு வரும். அம்பத்திரெண்டு கடைசியில அங்க வெள்ளக்காரனை எதுத்து கலகம், எமர்ஜென்சி. அதோட புருசன் கதோகோவை சந்தேகத்துல புடிச்சு கைதி முகாமுக்குக் கொண்டுபோயிட்டாங்க. இது தனியா மரத்தைப் பாத்துக்குச்சு. ஓடைக்கு மேல ஒரு சரிவு, எரநூறு மரம் இருக்கும். பட்டை உரிக்கறதைப் பாக்க நான் நாலு வருசம் அங்க போயிருக்கேன். போனா மக்காச்சோளம் சுட்டுக் குடுக்கும். மடியில ஒரு பொண் கொழந்த.

ஏன், அந்தக் கொழந்த பேரு எதுக்குக் கேக்கற? உனக்குத் தெரிஞ்சவங்களா? ... இல்லன்னா சரி.

அம்பத்தாறுல சர்வே வந்துச்சு. அங்கங்க துண்டு துண்டா கெடக்கற நெலத்தை ஒண்ணாக்கி ஆளுக்கு ஒரு பத்திரம் குடுக்கறேன்னான். நெலத்துக்காரன் பாதிப் பேரு முகாமுல, கமிட்டி பூரா தலைவன் ஆளுங்க. அந்தச் சரிவு என்னுதுன்னுட்டான் தலைவன் தம்பி. வைரிமு வுடல, நின்னு கத்துச்சு. வெள்ளக்கார ஆபீசர் பாத்தான். பட்டை வாங்கற இந்தியன் வெளியாளு, அவனுக்கு இவங்களும் ஒண்ணு அவங்களும் ஒண்ணு, கூப்டுங்க அவனைன்னான். ஜீப்பு அனுப்பிச்சான். நான் எறங்குனதும் என்னைப் பாத்து சிரிச்சுச்சு அந்தப் பொம்பள. அப்பாடான்னு ஒரு சிரிப்பு.

காபி ஆறுது, குடிம்மா. மருமவ பிரிசில்லா போட்டது, நல்லா இருக்கும்.

அப்பால இன்னா. சரிவு தலைவன் தம்பி பேருக்குப் போச்சு. வைரிமு டீத் தோட்டத்துக்குக் கூலியாப் போச்சு. ரெண்டு வருசம் கழிச்சு கதோகோவை வுட்டாங்க. எலும்பும் தோலுமா வந்தான். நெலம் இல்ல, எங்க போவான்? என் மண்டியிலயே கட்டு தூக்க வந்து சேந்தான். ஒரு நாளு ஒரு கட்டைத் தூக்கி தோள்ல வச்சவன் அப்படியே நின்னுட்டான். கீழ எறக்கி, பட்டைய மோந்து பாத்தான். இது நான் நட்ட மரம், பொண்ணு பொறந்த வருசம் நட்டதுன்னு எங்கிட்ட சொன்னான். கோவமே இல்ல. சொல்லிட்டு மறுபடி தூக்கிக்கினு போயிட்டான். நான் அந்தக் கட்டுக்கு ரெண்டாம் நம்பர் போட்டேன்.

ஆங்? ஆபீசர்கிட்ட நான் இன்னா சொன்னேனா?

தலைவன் தம்பிதுன்னு சொன்னேன். கையை நீட்டிக் காட்டுனேன், இந்தக் கைதான்.

மெரட்டுனாங்களா? இல்ல. காசு கீசும் குடுக்கல, நான் கேக்கவும் இல்ல. ஆபீசர், தலைவன், அவன் தம்பி மூணு பேரும் ஒரு பக்கமா நின்னுக்கினு இருந்தாங்க. எனக்கு அந்தப் பக்கம் நிக்கணும் போல இருந்துச்சு. அவ்ளோதான். எங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் இதைச் சொல்லல. என் புள்ள ஆல்வினுக்கும் தெரியாது.

உண்மையச் சொல்லு. அவங்க யாரும் அனுப்பி வரல நீ? அந்தப் பொண்ணு? அதோட புள்ளைங்க? ஒரு போன் கூட பண்ணலியா?

ஒண்ணுமில்லமா. காலையில நீ வாசல்ல நின்னு கென்யான்னு சொன்னதும், அவங்கதான் கேக்க வந்துட்டாங்கன்னு நெனச்சேன். கதவைத் தொறக்க அவ்ளோ நேரம் ஆச்சே, நல்ல சட்டையா மாத்திக்கினு இருந்தேன்.