வீரை மரத்துக் குழை

மலை ஏற வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய கால் நகங்களைத்தான். ஏறும்போது நகம் ஒன்றும் செய்யாது. இறங்கும்போது சப்பாத்தின் முனையில் இடித்து இடித்து, கீழே வந்து சேர்வதற்குள் பெருவிரல் நகம் கறுத்துப்போய்விடும். அதனால் என் பையில் எப்போதும் ஒரு நகவெட்டி இருக்கும். வெட்டாதவர்களை அடிவாரத்தில் உட்காரவைத்து, வெட்டச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வெட்டுவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சேர், நான் கவனமில்லாத ஆள் என்று நீங்கள் எழுதுவதில் எங்கேயும் வந்துவிடக் கூடாது. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

என் பெயர் ஸுஹைர். வயது நாற்பத்தெட்டு. ஊர் மூதூர். ஏழுதிமில் மலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன். பதினொரு வருஷமாக அதுதான் தொழில். அதற்கு முன்னர் அதே மலையில் தேன் எடுத்தேன். இறந்துபோன அப்ராஸ் என் தங்கை ஸுல்பிகாவின் கணவர். எனக்கு மச்சான்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் என்றார்கள். மலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து உள்ளே போனால், காட்டுக்கு நடுவில் ஏழு காளைகளை வரிசையாகப் படுக்கவைத்த மாதிரி ஏழு மேடுகள். மூன்றாம் திமில் வரைக்கும் மரநிழல். அதற்குப் பிறகு மொட்டைப் பாறை. ஐந்தாம் திமிலுக்கும் ஆறாம் திமிலுக்கும் இடையில் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு வரம்பு. ஒரு காலுக்கு முன்னால் மறு காலை வைத்துத்தான் அதில் போகலாம், இரண்டு பக்கமும் பள்ளம். ஒற்றைக்கால் என்று சொல்வோம். அதைத் தாண்டி ஏழாம் திமிலில் ஏறி நின்றால், வடக்கே கொட்டியாரக் குடாவும் அதற்கு அப்பால் துறைமுகமும் தெரியும். கப்பல்கள் பல்லிமுட்டை அளவில் நிற்கும். மறுபக்கம் பள்ளத்தாக்கு முழுவதும் வயல், குளம், வயலுக்கு நடுவில் வெருகல் ஆறு. முதல் தடவை வருகிறவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ நான்தான் அதைச் செய்து வைத்த மாதிரி. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வேலையில் இரண்டு ஒழுங்குகள் இருக்கின்றன. ஒன்று கூப்பாடு. முன்னால் போகிறவன் ஒவ்வொரு திமிலிலும் நின்று ‘ஹூ’ என்று கூப்பிட வேண்டும். கடைசியில் வருகிறவன் அதேபோலப் பதில் கொடுத்த பிறகுதான் அடுத்த அடி.

மற்றது குழை, இலையோடு முறித்த சின்னக் கிளை. அடிவாரத்தில் ஒரு வீரை மரம் நிற்கிறது. காட்டுக்குள் போகிறவர்கள் தலைக்கு ஒரு குழை முறித்து அதன் கிளைக் கவரில் செருகிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் தலைக்கு ஒன்றாக எடுத்து எறிந்துவிடுவார்கள். தேன் எடுக்கிறவர்கள், மாடு தேடுகிறவர்கள், தமிழர், முஸ்லிம் என்று எல்லாரும் செய்வதுதான். தமிழ் ஆட்கள் காட்டுத் தெய்வத்தை நினைத்துச் செய்வார்கள். எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத் என்னை இரண்டு தரம் கூப்பிட்டுக் கண்டித்தார். எனக்கு அது வணக்கம் இல்லை, தலை எண்ணுகிற முறை என்று அவரிடம் சொன்னேன். மரத்தில் குழை மிஞ்சியிருந்தால் மலையில் ஆள் மிஞ்சியிருக்கிறது. மரம் வெறுமையாக இருந்தால் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். செருகுவதும் எடுப்பதும் கூட்டிப்போகிறவனின் வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னர் இருபத்திரண்டு ஆசிரியர்களைக் கூட்டிப்போனேன். இறங்கி வந்து எடுத்தபோது ஒரு குழை மிஞ்சியது. எல்லாரும் வந்தாயிற்று என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். நான் குழையைத்தான் நம்பினேன். திரும்ப ஏறிப் போய், மூன்றாம் திமிலுக்குக் கீழே மயங்கிக் கிடந்த சனூஸா ரீச்சரைத் தூக்கி வந்தேன். இன்றைக்கும் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து எனக்குப் பலகாரம் வரும். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: ஸுஹைரின் குழை பொய் சொல்லாது.

அப்ராஸ் கட்டாரில் உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்த ஆள். வயது முப்பத்திமூன்று. ஊரோடு வந்து தங்கை வீட்டில் சும்மா இருந்தவரை எங்கள் மலையேற்றக் குழுவில் சேர்த்துவிட்டது நான்தான். அங்கே பழகியபடி கயிறு, கொளுக்கி, தலைக்கவசம், விசில் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஒற்றைக்காலில் இரும்பு முளை அடித்துக் கயிறு கட்டினார். அதுவரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு கடந்த இடத்தை ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்கத் தொடங்கினார்கள். என் கை சும்மா தொங்கிக்கொண்டு இருந்தது. வலித்தது, சேர். அதை நான் மறைக்கவில்லை.

அவர் பின்னால் வருவார். நான் ‘ஹூ’ என்று கூப்பிட்டால் விசில் ஊதுவார். விசில் தூரத்துக்குக் கேட்கும் மச்சான் என்பார். கூப்பாட்டுக்குக் கூப்பாடுதான் பதில். விசில் பதில் இல்லை. இதை நான் அவரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று குழுவில் யாரையும் கேளுங்கள்.

போன ஆவணியில் றிஷானா என்றொரு மாணவிக்கு நாலாம் திமிலில் கால் பிசகிவிட்டது. அப்ராஸ் அந்தப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மணித்தியாலம் இறங்கினார். அந்தப் படம் எல்லாருடைய போனிலும் ஓடியது. ஏறும் முன்னர் அவளுடைய சப்பாத்துக் கயிற்றை யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை குழுவின் தலைவர் முனீப், என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் தந்து, மெதுவாகச் சொன்னார்.

“நானா, இனி அப்ராஸ் முன்னுக்குப் போகட்டும். நீங்க பின்னுக்கு வாங்க. முழங்காலும் நோகுதாமே உங்களுக்கு.”

முழங்கால் நோவதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன். தங்கையிடம், அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள். அது குசினியிலிருந்து அப்ராஸுக்கும், அப்ராஸிடமிருந்து முனீபுக்கும் போயிருக்கிறது.

முன்னேர் போன வழியேதான் பின்னேர் போகும் என்பார்கள். முன்னால் போகிறவன் பிழையாக வைத்தால், பின்னால் வருகிற இருபது பேரும் பிழையாகத்தான் வைப்பார்கள். இருபது பிள்ளைகள் ஒற்றைக்காலிலிருந்து விழுவதை நான் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குள் பார்த்தேன். இருபது பேர் விழுவதைவிட ஒருவர் விழுவது குறைவு. இது யாருக்கும் விளங்கும்.

ஓம், அப்ராஸ் கூட்டிப்போன யாராவது விழுந்தார்களா என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒருவரும் விழவில்லை. விழுந்த பிறகு தடுத்து என்ன பயன்?

மழைக்காலம் முடிந்ததும், முதல் கூட்டம் வருவதற்கு முன்னர் இரண்டு பேர் போய் வழியைப் பார்த்து வருவது வழக்கம். இந்த வருஷம் நானும் அப்ராஸும். மாசி கடைசி. விடியச் சுபஹு தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸுல்பிகா சோறும் கீரிமீன் பொரியலும் சம்பலும் ஒரே பார்சலாகக் கட்டித் தந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

“காக்கா, இவர் ஓடித் திரிவார். நீங்க பாத்துக்கொள்ளுங்க,” என்றாள்.

ஓம் என்றேன்.

என் மோட்டார் சைக்கிளில் போனோம். அடிவாரத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிற தம்பு எங்களைக் கண்டு கையசைத்தார். அப்ராஸ் பையைத் திறந்து கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நான் வீரை மரத்தடிக்குப் போய் என் வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். பிறகு ஏறினோம்.

வழி முழுக்க நல்ல கதைதான். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். பெண் என்றால் பஹ்மியா நல்ல பெயர் என்று நான் சொன்னேன். ஐந்தாம் திமிலில் நான் மூச்சு வாங்க நின்றபோது, அவர் என் தோளில் கை வைத்தார்.

“மச்சான், உங்கட முழங்காலுக்கு அங்கால ஏலாது. நீங்க இங்க இரிங்க. நான் போய்ப் பாத்திட்டு வாறன்.”

அன்பாகத்தான் சொன்னார். நான் இருக்கவில்லை, பின்னாலேயே போனேன். அதுவரைக்கும் என் மனதில் ஒன்றும் இல்லை. திட்டம் போட்டு வந்தேன் என்று எழுத வேண்டாம். அது அந்த இடத்தில், அந்தப் பாறையில் தோன்றிய ஒன்று.

ஒற்றைக்காலின் நடுவில் ஒரு முளை மழைக்கு ஆடிப்போயிருந்தது. அதைப் பார்க்க அவர் கொளுக்கியைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். பாதி உடம்பு வெளியே. என்னை இடுப்புப் பட்டியில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பிடிச்சிருக்கிறீங்களா என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, அவருடைய கால் இரண்டையும் தூக்கித் தள்ளிவிட்டேன்.

அங்கே பாறை வெடிப்பில் ஒரு கல்லித்தி வேர் இருக்கிறது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கண்ணாடி துடைத்த கை, நல்ல பலம். என்னிடம் காட்டுக்கத்தி இருந்தது. முதலில் கத்தியின் பின்பக்கத்தால்தான் அடித்தேன், வெட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் விடவில்லை. “மச்சான், கை,” என்றார். கையைத் தா என்று கேட்டாரா, கையை அடிக்காதே என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. கத்தியைத் திருப்பினேன். மூன்று விரல். ஒன்று பாறையில் கிடந்தது, அதைக் காலால் தள்ளிவிட்டேன். ஆட்கள் நடக்கிற வழி அது.

முப்பது அடிக்குக் கீழே ஒரு பாறைத் தட்டில் விழுந்து, எழும்பப் பார்த்தார். மூன்று கல் உருட்டினேன். முதலாவது தவறிவிட்டது. இரண்டாவது தொடையில் விழுந்தது, எலும்பு முறிகிற சத்தம் மேலே கேட்டது. மூன்றாவது முதுகில். பிறகு ஒழுங்குப்படி நின்று ‘ஹூ’ என்று கூப்பிட்டேன்.

அப்ராஸ் பதில் கூப்பிட்டார். விசில் இல்லை, வாயால். எங்கள் கூப்பாடு. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஏழாம் திமிலுக்குப் போனேன். வானம் துப்புரவாக இருந்தது. துறைமுகத்தில் நாலு கப்பல், பள்ளத்தாக்கில் வயல் பொன்னிறம். பார்சலைப் பிரித்து என் பாதியைச் சாப்பிட்டேன். சோற்றை வீணாக்கக் கூடாது என்று மற்றப் பாதியையும் சாப்பிட்டேன். அப்போதுதான் விசில் கேட்கத் தொடங்கியது. இறங்கும்போது மூன்றாம் திமில் வரைக்கும் கேட்டது. விசில் தூரத்துக்குக் கேட்கும் என்று அவர் சொன்னது சரிதான்.

தங்கையிடம், அவர் முன்னுக்கு ஓடி இறங்கிவிட்டார், எனக்காகக் காத்து நிற்கவில்லை என்று சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. முனீப் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போகத்தான் வெளிக்கிட்டார். அடிவாரத்தில் தம்பு மறித்து மரத்தைக் காட்டியிருக்கிறார். குழை ஒன்றும் இல்லை, ஆள் இறங்கிவிட்டார், ஸுஹைரின் மரம் பிழைக்காது என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் திரும்பிவிட்டார்கள். இரண்டு நாள் இறங்குதுறையில் தேடினார்கள், பஸ் நிலையத்தில் தேடினார்கள், கிண்ணியாவில் சொந்தக்காரர் வீடெல்லாம் கேட்டார்கள். மனைவியோடு சண்டை பிடித்துவிட்டுத் திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டாரோ என்றும் கதை வந்தது. ஸுல்பிகா அதைக் கேட்டு அழுதாள். நான் பக்கத்தில் இருந்து, மச்சான் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். மூன்றாம் நாள் தம்புவின் நாய் ஒரு விரலைக் கொண்டுவந்து பட்டி வாசலில் போட்டது.

அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் அவருக்கு உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கேட்டபோது எனக்கு மனவருத்தம்தான். ஆட்கள் அன்றே ஏறியிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னீர்கள். இருக்கலாம்.

கையெழுத்து வைக்கும் முன்னர் ஒரு திருத்தம் இருக்கிறது, சேர். தேடுகிறவர்களை ஏமாற்றுவதற்காக அப்ராஸின் குழையையும் நான் எடுத்து எறிந்தேன் என்று எட்டாம் வரியில் எழுதியிருக்கிறீர்கள். விரலை வெட்டினேன் என்று இருக்கட்டும், கல் உருட்டினேன் என்று இருக்கட்டும், இந்த வரியை மட்டும் வெட்டிவிடுங்கள். ஆள் இறங்காமல் அவருடைய குழையை மரத்திலிருந்து எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் செய்ததில்லை, அன்றும் செய்யவில்லை. இறங்கி வந்தது நான் ஒருவன், எடுத்தது ஒரு குழை. காலையில் நான் செருகிவிட்டுப் போனதும் ஒன்றுதான்.